ஒன்றும் நடக்காத படம்

சின்னத்தங்கத்தின் புருசன் சாமித்தம்பிக்கு எருமைகள்தான் உலகம். மாரி முழுக்க மேட்டுக் காட்டோரம் பட்டியோடு கிடப்பான். கோடை வந்தால் வாவிக்கரைப் புற்றரைக்கு இறக்கிக்கொண்டு வருவான். பாலைக் கறந்து கொடுத்தால் அவன் வேலை முடிந்தது. காய்ச்சுவதும், உறை விடுவதும், சட்டிகளின் வாயை வாழையிலையால் மூடிக் கட்டுவதும், கொண்டுபோய் விற்பதும் அவள் பாடு. கொக்கட்டிச்சோலைக்குத் தெற்கே வாவியை ஒட்டிக் கிடந்த அந்தச் சின்ன ஊரில் தயிரை விலைக்கு வாங்க யார் இருக்கிறார்கள்? ஆகவே சட்டிகளைக் கடகப்பெட்டியில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு தோணியேறி, சூரியன் எழும் பக்கமான எழுவான்கரைக்குப் போவாள். அங்கே காத்தான்குடி. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், புடைவைக் கடைகள், ஒழுங்கைக்கு ஒழுங்கை பள்ளிவாசல். விடிய ஏறினால் வெயில் உச்சிக்கு வருமுன் சட்டிகள் தீர்ந்துவிடும்.

கடைசிச் சட்டி எப்போதும் உசனார் போடியார் வீட்டுக்கு. போடியார் என்றால் நிலக்காரர்; அவருக்கு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல். சின்னத்தங்கத்தின் ஊருக்கு மேற்கே உள்ள வயல்வட்டையில் அவருடைய பாட்டன் காலத்திலிருந்தே நெல் விளைந்தது. சாமித்தம்பி அறுவடைக்குப் பிறகு எருமைகளை அவர் வயலில்தான் மேயவிடுவான். போடியாருக்குக் குனிந்த நடை, வெள்ளைத் தொப்பி, அளந்து போட்டாற்போல் பேச்சு. நாலு சொல்லில் முடியவேண்டிய விசயத்தை அவர் இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். அந்த வீட்டின் மருமகள்தான் ஸகியா. புருசன் சவூதியில். அவன் அனுப்பிய டீவியும் வீடியோ டெக்கும் நடு அறையில், பூப்போட்ட துணியால் போர்த்தியபடி இருந்தன.

முதன்முதல் சின்னத்தங்கம் அந்த வீட்டில் படம் பார்த்தது ஒரு தற்செயல். தயிரை ஊற்றிக் கொடுத்துவிட்டு வெறும் சட்டிக்காக அடுக்களை வாசலில் நின்றாள். உள்ளே ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தவளை ஸகியா கண்டுவிட்டாள்.

"வாங்க தங்கக்கா, இரிங்க. தனியப் பாக்க எனக்கும் பயமா இரிக்கி."

"பேய்ப் படமா புள்ள?"

"பேயெல்லாம் இல்ல. அழுவுற படம். தனிய இரிந்து அழுதா மாமி என்னமோ ஏதோ எண்டு வந்து கேப்பா. ரெண்டு பேரா இரிந்து அழுதா படத்துக்கு அழுறம் எண்டு உட்டிருவா."

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. போடியார் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் போனால், அப்படியே கடைத்தெருவில் இரண்டு பேரைக் கண்டுவிட்டுத்தான் திரும்புவார். அந்த இடைவெளியில் ஒரு படத்தின் பாதி ஓடும். மறுபாதி அடுத்த தயிர்ச் சட்டியோடு. போடியாருக்குப் படம் பிடிக்காது என்று ஸகியா சொல்லியிருந்தாள். ஆனால் அவர் திரும்பி வரும்போது ஒழுங்கை முனையிலேயே இருமத் தொடங்குவார். அந்த இருமல் நீளமான இருமல். டீவியை நிறுத்தி, துணியைப் போர்த்தி, சின்னத்தங்கம் அடுக்களை வாசலுக்குப் போய்ச் சட்டியைக் கையில் எடுக்கும்வரைக்கும் அது ஓயாது. அவருக்கு நெஞ்சு வருத்தம் என்றுதான் அவள் கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் ஆமினா உம்மா, படம் ஹறாம் என்று அறைக்குள் வரமாட்டாள். ஆனால் அவளுடைய வெற்றிலை வட்டா நாளுக்கு நாள் அறை வாசலை நெருங்கிக்கொண்டே வந்தது. பார்க்கமாட்டாள், கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அங்கிருந்தபடியே சொன்னாள்:

"எனக்கு அந்த வில்லனத்தான் புடிச்சிரிக்கி. அவன் ஒருத்தன்தான் வேலையோட இரிக்கான். அவன் மட்டும் இல்லாட்டி மத்தவனுகள் மரத்தச் சுத்திப் பாட்டுப் படிச்சிக்கிட்டே கிடப்பானுகள்."

ஸகியாவுக்கு மனதுக்கு ஏற்ற படம் ஒன்று இருந்தது. அதன் பெயரைச் சொல்லமாட்டாள், 'தேத்தண்ணிக்காரி படம்' என்பாள். மலைநாட்டில் ஒருத்தி ரோட்டோரத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறாள். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஒருவன் ஒவ்வொரு காலையும் வந்து குடிக்கிறான். காதலும் இல்லை, கல்யாணமும் இல்லை. கடைசியில் அவனுக்கு இடமாற்றம் வருகிறது. ஸகியா அந்தக் காசெட்டை எத்தனை தரம் ஓடவிட்டாளோ, ஓரிடத்தில் படம் மழை பெய்வதுபோல் கோடு கோடாகத் தெரியும்.

"அப்படி என்னதான் புள்ள அதுல கிடக்கு?" என்று சின்னத்தங்கம் ஒரு நாள் கேட்டாள். "அவனும் ஒண்டும் சொல்றானில்ல, அவளும் ஒண்டும் சொல்றாளில்ல."

"அவன் கேக்கானே அக்கா."

"என்னத்த?"

"பாதிப் படத்துல, சில்லறையக் குடுத்திட்டுப் போறவன் கிறுகி வந்து கேக்கான், 'ஒங்கட பேரு என்ன' எண்டு. அவ்வளவுதான்." ஸகியா டெக்கின் மேல் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இந்த ஊட்ட நான் மருமகள். ஒழுங்கையில முஹம்மட்ட பொஞ்சாதி. அவரு சவூதியில இரிந்து டேப்புல பேசி அனுப்பினா, 'இஞ்ச பாரு' எண்டுதான் தொடங்குவாரு. என்ட பேர ஆரும் செல்லி எத்தின காலம் எண்டு எனக்கே தெரியா. நீங்களும் புள்ள எண்டுதானே கூப்பிர்ரீங்க."

சின்னத்தங்கத்துக்கு என்னமோபோல் ஆகிவிட்டது. "ஸகியா," என்று சொல்லிப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவள் வாயில் புள்ளதான் வந்தது.

சின்னத்தங்கத்துக்குப் பிடித்த படம் வேறு. ஸகியாவின் தம்பி வீடியோக் கடையிலிருந்து மாறி எடுத்துவந்த காசெட் அது. ஒரு பட்டினத்து வீடு. தகப்பன், தாய், பிள்ளைகள், ஒரு பெரியப்பன். விடிகிறது. தகப்பனின் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை, எல்லாரும் தேடுகிறார்கள். தாய் சந்தையில் பெரிய மீன் ஒன்று வாங்கி வருகிறாள். மீன் தலை யாருக்கு என்று சண்டை. பெரியப்பன் கோபித்துக்கொண்டு வாசலில் போய் இருக்கிறார், சின்ன மகள் தலையைத் தட்டில் போட்டு அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். பிறகு ஆளாளுக்குப் பாயைப் போட்டுப் படுத்துவிடுகிறார்கள். படம் முடிந்தது.

"இதென்னக்கா படம்? சண்டை இல்ல, பாட்டும் ஒண்டே ஒண்டு. திருப்பிக் குடுத்திரட்டா?" என்றாள் ஸகியா.

"இன்னொருக்காப் போடு புள்ள."

"இதையா?"

"ஓம்."

"கதையே இல்லயே. ஒண்டும் நடக்கல்லயே."

"அதுதான் எனக்குப் புடிச்சது." சின்னத்தங்கம் டீவியைக் கையால் காட்டினாள். "பாத்துக்கொண்டிருக்கக்குள்ள எனக்குப் பயமாத்தான் இருந்தது. இப்ப கதவத் தட்டுவானுகள், இப்ப ஆரும் ஓடி வந்து ஏதும் சொல்லுவாங்க, இப்ப நெருப்பு வைப்பானுகள் எண்டு. ஒருத்தரும் வரல்ல. அந்த மனிசன் வாசல்ல இருந்தே மீன் தலயத் திண்டு முடிச்சிட்டாரு. எங்கட ஊட்ட ஒரு நாளைக்கு அப்படி இருந்திட்டா, நான் அதப் படமெண்டுதான் சொல்லுவன்."

ஸகியா டெக்கை நோக்கி நகர்ந்தாள். ஒருதரம் ராணுவம் ஊரைச் சுற்றிவளைத்தபோது சின்னத்தங்கத்தின் வீடு எரிந்ததும், அவளுடைய தம்பியை ஏற்றிக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொண்டுவந்து விடாததும் அவளுக்குத் தெரியும். காசெட்டைச் சுற்றவிட்டு முதலிலிருந்து போட்டாள்.

ஊருக்குப் போனால் சின்னத்தங்கம்தான் படக்காரி. படுவான்கரையில் கரண்ட் இல்லை. கிணற்றடியிலும் நெல் புடைக்கும் இடத்திலும் பெண்கள் அவளைச் சுற்றி இருந்துகொண்டு, "தேத்தண்ணிக்காரி என்ன செய்தாள், சொல்லுகா," என்று கேட்பார்கள். குரலை மாற்றி மாற்றிச் சொல்வாள். சாமித்தம்பியும் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற சாட்டில் அங்கே நிற்பான். ஒன்றும் நடக்காத படத்தை அவள் சொன்னபோது முழுதும் கேட்டுவிட்டு, "அந்த ஊட்டுக்காரர் தயிர் வாங்குவாங்களா?" என்று மட்டும் கேட்டான்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் ராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை திரும்பத் தொடங்கியது. இந்தமுறை அது ஒரு பக்கத்தில் மட்டும் நிற்கவில்லை. தெற்கே வாகனங்களை மறித்து முஸ்லிம் ஆட்களை இறக்கிக்கொண்டு போனார்கள் என்ற செய்தி ஒரு கரையில். சந்தைக்குப் போன தமிழர் வீடு திரும்பவில்லை என்ற செய்தி மறுகரையில். தோணிக்காரர் துறையில் தோணியைக் கவிழ்த்து வைத்தார்கள். எருமைகள் கறந்தபடி இருந்தன. காய்ச்சிய பாலை எருமைக் கன்றுகளுக்கும் நாய்களுக்கும் ஊற்றினார்கள். வீட்டில் அரிசிப் பானை அடியைக் காட்டியது.

"போகாத," என்றான் சாமித்தம்பி.

"போடியார் ஊட்ட போயிட்டு உடன வந்திருவன். நம்மள அவங்களுக்குத் தெரியாதா என்ன?"

தோணி ஒன்றைக் கெஞ்சி இறக்கவைத்து அவள் கரையேறியபோதே ஒழுங்கைகள் வழக்கம்போல் இல்லை. கடைகள் அரைக்கதவு சாத்தியிருந்தன. வழக்கமாகத் தயிர் கேட்டுக் கூப்பிடும் பெண்கள் வாசல் திரைச்சீலையை ஒதுக்கி இவளைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். ஸகியா இவளைக் கண்டதும் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"என்னத்துக்குக்கா இண்டைக்கு வந்தீங்க? செத்த எங்கட ஆக்கள்ட மையத்துகள் நேத்து வந்திரிக்கி. பொடியனுகள் கண்மண் தெரியாம திரியிறானுகள். தமிழாக்கள் ஆரும் ஊருக்குள்ள நிக்காங்களா எண்டு ஊடு ஊடாக் கேட்டு வாறானுகள்."

சின்னத்தங்கம் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கி வைத்தாள். நடு அறையில் டீவிக்கு முன்னால் அப்படியே இருந்துவிட்டாள். நெஞ்சிலிருந்து ஒரு விம்மல் புறப்பட்டது. வாயைச் சீலையால் அடைத்தும் அது நிற்கவில்லை. ஒழுங்கையில் குரல்கள் கேட்கத் தொடங்கியிருந்தன.

அப்போது உசனார் போடியார் உள்ளே வந்தார். இந்தமுறை இருமவில்லை. மருமகளைப் பார்த்தார், தரையில் இருந்தவளைப் பார்த்தார், அவளுடைய விம்மலைக் கேட்டார்.

"படத்தப் போடு புள்ள," என்றார்.

ஸகியா விளங்காமல் நின்றாள்.

"சத்தமாப் போடு."

அவர் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் வாசற்படலைக்கு நேரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆமினா உம்மா வெற்றிலை வட்டாவோடு அறை வாசலில் வந்து காலை நீட்டி இருந்தாள். ஸகியாவின் கையில் முதலில் அகப்பட்ட காசெட் அதுதான். அந்தப் பட்டினத்து வீடு விடிந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடினார்கள். வெளியே யாரோ படலையைத் தட்டினார்கள்.

"போடியார், உள்ளுக்கு ஆரு?"

"என்ட ஊட்டு ஆக்கள்."

"படச் சத்தம் கேக்கு?"

"மருமகள் பாக்கா."

"தயிர்க்காரி ஒருத்தி இந்தப் பக்கம் வந்ததாக் கண்டிரிக்காங்க."

"என்ட ஊட்ட என்ட ஊட்டு ஆக்கள்தான் இரிக்காங்க. வேற ஏதும் கேக்க இரிந்தா என்னத் தாண்டிப் போய்க் கேளுங்க."

டீவிக்குள் மீன் தலைக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு செருப்புச் சத்தங்கள் விலகிப் போயின. போடியார் கதிரையை விட்டு எழும்பவில்லை. படம் முடிந்தது. ஸகியா அதையே திருப்பிப் போட்டாள்.

வெயில் தாழ்ந்தபோது அவர் குடையை எடுத்துக்கொண்டு வந்தார். ஸகியாவின் கறுப்புச் சீலை ஒன்றால் சின்னத்தங்கத்தை முக்காடு போடச் சொன்னார். வாவிக்கரைவரைக்கும் அவர் முன்னால், அவள் பின்னால். தனக்குத் தெரிந்த மீன்காரன் ஒருவனை எழுப்பித் தோணியை இறக்கவைத்தார். அவள் ஏறி இருந்த பிறகு, "சாமித்தம்பிக்குச் செல்லு, இனி இந்தப் பக்கம் அனுப்ப வேணாம் எண்டு," என்றார். தோணி தள்ளினார்கள். அவள் கும்பிட்டாளா, இல்லையா என்பதுகூடப் பிறகு அவளுக்கு நினைவில்லை.

கொஞ்ச நாளில், காத்தான்குடியில் பள்ளிவாசல்களுக்குள் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். இக்கரையில் அதைத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். சின்னத்தங்கம் உலையில் வைத்த அரிசியை மறந்து வாவிக்கரையில் போய் நின்றாள். போடியார் இருக்கிறாரா என்று கேட்க ஒரு வழியும் இல்லை. அக்கரையில் மரங்களும் ஒரு பள்ளிவாசலின் உச்சியும்தான் தெரிந்தன.

அவர் இருந்தார். அதைச் சின்னத்தங்கம் தன் கண்ணாலேயே கண்டாள், அடுத்த தை மாதத்தில்.

அந்த வருடம் வட்டையில் நெல் நன்றாகத் தள்ளியிருந்தது. அக்கரைப் போடிமார் யாரும் வரவில்லை. அவர்களுடைய வயல்களை யார் அறுப்பது என்று ஊரில் பேச்சு நடந்தது. உசனார் போடியார் மட்டும் ஒரு காலையில் தனியாகத் துறையால் கரையேறி வரம்பு வழியே நடந்து வந்தாராம். என் வயல், என்னைத் தெரிந்த ஆட்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அவரிடம் கேட்டறிந்தவர்கள் யாருமில்லை.

சின்னத்தங்கம் அப்போது சந்திக் கிணற்றடியில் நின்றாள். குடத்தை நிறைத்து இடுப்பில் வைத்த நேரம் மேற்கேயிருந்து உழவு மெசின் ஒன்று இழுவைப் பெட்டியோடு வந்தது. துவக்கு வைத்திருந்த இயக்கப் பொடியன்கள் பெட்டியின் ஓரங்களில் இருந்தார்கள். நடுவே போடியார். கைகள் பின்னால் கட்டியிருந்தன. சந்தியில் நின்ற எல்லாரும் ஒதுங்கினார்கள். பள்ளம் ஒன்று இருந்ததால் மெசின் அந்த இடத்தில் நின்று நின்று ஏறியது. அந்த நேரத்தில் அவர் அவளைக் கண்டார்.

கண்டதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவளுக்கு வாய் திறந்தது. 'தம்பிமாரே, இந்த மனிசன்தான் என்ட உசிரக் காப்பாத்தினவர்' என்ற சொற்களெல்லாம் வாய்க்குள் வந்து நின்றன. பக்கத்தில் நின்றவள் இவளுடைய முழங்கையைப் பிடித்தாள். பிடிக்காவிட்டாலும் சொல்லியிருப்பாளா என்பது வேறு. எரிந்த வீடு, திரும்பாத தம்பி, பட்டியில் நிற்கும் புருசன் எல்லாம் ஒரே நேரத்தில் முன்னால் வந்து நின்றன. மெசின் பள்ளத்தைத் தாண்டிப் போய்விட்டது. குடத்துத் தண்ணீர் இடுப்பால் வழிந்து சீலை நனைந்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர் ஏன் முகத்தைத் திருப்பினார் என்று அவள் முதலில் வேறுவிதமாக நினைத்தாள். இவளும் இவர்களோடு சேர்ந்தவள்தான் என்று வெறுத்துத் திருப்பினார் என்று. வீட்டுக்கு நடந்துவரும் வழியில்தான் உறைத்தது. தன்னைத் தெரிந்தவள் என்று காட்டினால் அவளுக்குக் கேடு வரும் என்று மனிதர் பார்த்திருக்கிறார். அந்த நிலையிலும் பார்த்திருக்கிறார். அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே குந்திவிட்டாள்.

பொழுதுபட வந்த சாமித்தம்பியிடம் சொன்னாள். அவன் சோறு தின்னாமல் கை கழுவினான்.

"நீ அந்த இடத்துல சொல்லல்லயா?"

"இல்ல."

அவன் அவளைக் கோபிக்கவில்லை. விடிந்ததும் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு இயக்கத்தின் முகாமுக்கு விசாரிக்கப் போனான். வெயிலேறத் திரும்பி வந்து எருமைகளை அவிழ்த்துவிட்டான்.

"என்ன சொன்னாங்க?"

"அப்படி ஒராளும் வரல்லயாம். இனி இதப்பத்திக் கேட்டு வரக் கூடாதாம்." கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "நேத்து எண்டா ஒரு வேளை கேட்டிருக்கலாம்."

அதற்குப் பிறகு கிணற்றடியில் அவளைப் படம் சொல்லச் சொல்லிக் கேட்டால், மறந்துபோச்சு என்பாள். இடைக்காலத்தில் ஒரு கல்யாண வீட்டில் கரண்ட் மெசின் வைத்துப் படம் போட்டார்கள். ஊரே போனது. அவள் பின்வரிசையில் இருந்தாள். கதாநாயகனின் தகப்பன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து இருக்கிற ஒரு காட்சி வந்தது. அதில் துக்கம் ஒன்றுமில்லை, ஆட்கள் சிரித்தார்கள். அவள் எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

காலம் போனது. எருமைகள் பல தலைமுறை கண்டன. ஒரு மாரியில் சாமித்தம்பி காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தான். பிறகு, சமாதானம் வந்துவிட்டது, பாதை திறந்துவிட்டார்கள் என்றார்கள். காத்தான்குடி யாவாரிமார் படுவான்கரைக்கு வந்து நெல் கேட்டார்கள், துணி விற்றார்கள். ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராகத் தயிரோடு அக்கரைக்குப் போகத் தொடங்கினார்கள். சின்னத்தங்கம் போகவில்லை. "ஏன்கா, ஒனக்குத்தானே அங்க பழக்கம்," என்று கேட்டார்கள். அவள் நாரியைப் பிடித்துக்கொண்டு இடுப்பு நோவைச் சொன்னாள். ஒரு நாள் அந்தச் சாட்டும் அவளுக்கே சலித்துவிட்டது. ஒரே ஒரு சட்டி உறைய வைத்து, பெட்டியில் வைத்துக்கொண்டு தோணியேறினாள்.

படலை இருந்த இடத்தில் இரும்புக் கேற் நின்றது. திறந்த பெண்ணுக்குத் தலையில் வெள்ளை ஓடியிருந்தது. இருவரும் ஆளையாள் பார்த்தார்கள்.

"தங்கக்காவா?"

"ஓம் புள்ள."

ஸகியா அவளுடைய தலையிலிருந்த பெட்டியை வாங்கி இறக்கினாள். நடு அறையில் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். பெரிய டீவி ஒன்று அந்த இடத்தில் இருந்தது. புருசன் சவூதியை விட்டு வந்து கடை போட்டிருக்கிறான் என்றாள். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று என்றாள். சாமித்தம்பியின் சாவைக் கேட்டுக் கவலைப்பட்டாள். கிளாசில் ஆடை படிந்தது.

"இப்பயும் படம் பாக்கிறயா புள்ள?"

"இல்லக்கா. அதோட உட்டுட்டன். புள்ளைகள்தான் பாக்கும். நீங்க?"

"நானும் இல்ல."

உள்ளறையில் யாரோ தஸ்பீஹ் மணி உருட்டுகிற சத்தம் கேட்டது. ஆமினா உம்மா, இப்போது கண் தெரியாது என்று ஸகியா சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, எங்கட மாமாட சங்கதி ஒங்கட பக்கத்துல ஏதும் அடிபட்டிச்சா? வயலப் பாக்கப் போறன் எண்டு போன மனிசன். ஒருத்தர் செல்றாரு, அக்கரைக்கே போகல்ல, வாவியில தோணி பிரண்டிட்டு எண்டு. இன்னொருத்தர் வாகரைப் பக்கம் ஒரு கேம்புல வெச்சிரிக்காங்க எண்டாரு. மாமி அதக் கேட்டு, பாதை திறந்த உடன வாகரைக்குப் போயிட்டு வந்தா. கண் தெரியாத மனிசி. மொகம் தெரியாது, குரலக் கேட்டாச் செல்லுவன் எண்டு போனா."

சின்னத்தங்கம் கிளாசைக் கீழே வைத்தாள். தான் வாய் திறக்காமல் இருந்த வருடங்கள் முழுக்க இந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. தன் பாரத்தைத்தான் நினைத்தாளே தவிர, இங்கே ஒரு கிழவி வாகரைவரைக்கும் குரல் தேடிப் போவாள் என்று நினைக்கவில்லை.

"நான் கண்டன் புள்ள," என்றாள்.

மணி உருட்டும் சத்தம் நின்றது.

அவள் சொன்னாள். கிணற்றடி, மெசின், பள்ளம், கட்டியிருந்த கைகள். சாமித்தம்பி விடிய விசாரிக்கப் போனது, அவனுக்குக் கிடைத்த பதில். ஸகியா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். சுவரைத் தடவித் தடவி ஆமினா உம்மா வாசலுக்கு வந்து நின்றாள்.

"தொடக்கத்துல இரிந்து செல்லு மகள்," என்றாள்.

சின்னத்தங்கம் திரும்பத் தொடக்கத்திலிருந்து சொன்னாள்.

"தொப்பி போட்டிருந்தாரா?"

"போட்டிருந்தாரு உம்மா."

"செருப்பு?"

"ஒரு கால்லதான் கிடந்தது."

"அடிச்சிரிந்தானுகளா?"

"மொகத்துல ஒண்டும் தெரியல்ல உம்மா. சேட்டு கிழிஞ்சிருந்தது."

"உன்னக் கண்டு ஏதும் செல்லிக் கூப்பிட்டாரா?"

சின்னத்தங்கம் கிழவியின் முகத்தைப் பார்த்தாள். ஒரு சொல் போதும். உங்களைக் கேட்டதாகச் சொன்னார் என்றோ, அல்லாஹ்வை நினைத்தார் என்றோ சொல்லிவிட்டால் அந்த முகம் தணியும். சொல்லத் தெரியாதவள் அல்ல அவள்.

"இல்ல உம்மா. ஒண்டும் சொல்லல்ல. என்னக் கண்டாரு. கண்டிட்டு மத்தப் பக்கம் திரும்பிட்டாரு. எனக்குக் கரச்சல் வரும் எண்டு திரும்பிட்டாரு."

ஆமினா உம்மா சுவரில் சாய்ந்தாள்.

"அப்ப அது அவர்தான்," என்றாள். "நீ வேறாள மாறிக் கண்டிருப்பாயோ எண்டு நினைச்சன். அவர்தான்."

சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனாள். மணிச் சத்தம் திரும்பத் தொடங்கவில்லை.

சின்னத்தங்கம் எழும்பியபோது ஸகியாவும் எழும்பினாள். தயிரை வேறு சட்டியில் மாற்றி, வந்த சட்டியைக் கழுவிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். கேற்வரைக்கும் கூட வந்தாள்.

"நீங்க ஒரு சொல்லு செல்லியிரிக்கலாம் அக்கா."

"ஓம் ஸகியா."

ஸகியா கேற்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையைப் பார்த்தாள். "செல்லியிரிந்தாலும் அவனுகள் உட்டிரிக்க மாட்டானுகள்தான்," என்றாள்.

"தெரியா," என்றாள் சின்னத்தங்கம். "நான் சொல்லிப் பாக்கல்லயே."

ஸகியா கேற்றைச் சாத்தவும் இல்லை, இன்னொரு நாளைக்கு வாங்க என்று சொல்லவும் இல்லை. சின்னத்தங்கம் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வாவிக்கரையைப் பார்க்க நடந்தாள்.